22-ம் நம்பர் சட்டையும் நம் ஊர்ப் பெயரும்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நமது மண்டிக்குத் துவரம்பருப்பு லாரி வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தால் இறக்குவதற்கு ஆள் கிடைப்பது எத்தனை கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். வல்லக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். லீவு நாளில் நம்மிடம் மூட்டை இறக்கிக் கைச்செலவுக்குத் தேடிக்கொள்வான். அவனுக்குச் சொல்லி அனுப்பினோம். நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பனியன் அணிந்து வந்தான். முதுகில் 22 என்று பெரிய எண், அதற்கு மேல் ஆங்கிலத்தில் ஒரு பெயர். கணக்குப்பிள்ளை எழுத்துக் கூட்டி "மிட்டோமா" என்று படித்தார். ஏதோ மிட்டாய்க் கம்பெனி போலிருக்கிறது என்று நாம் சொல்ல, பையன் சிரித்துவிட்டான்.

"இல்லைங்கய்யா, ஜப்பான் பிளேயருங்க. ஃபுட்பால் ஆடறவருங்க."

"ஜப்பான்காரரை நீ எங்கே தம்பி பார்த்தாய்?"

"தினம் பார்க்கறேங்கய்யா" என்று செல்போனை எடுத்துக் காட்டினான்.

20 விநாடிப் படம். 2025 பிப்ரவரி 14 அன்று இங்கிலாந்தில் பிரைட்டன் அணிக்கும் செல்சி அணிக்கும் நடந்த ஆட்டமாம். தன் பக்கத்து கோல் கீப்பர் மிக நீளமாக உதைத்த பந்து வானத்தில் வருகிறது. இவர் ஓடிக்கொண்டே, பந்து தரையைத் தொடுமுன் காலால் ஒரு தொடு தொட்டு அடக்குகிறார். எதிரே வந்தவரைத் தாண்டி மூலையில் அடிக்கிறார். அவ்வளவுதான். பையன் அதை நூறு தடவைக்கு மேல் பார்த்திருப்பதாகச் சொன்னான். நாமும் மூன்று தடவை பார்த்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். லாரி டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் மூட்டை இறங்கியது.

மளிகை வியாபாரிக்கும் ஜப்பான் கால்பந்துக்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம். அந்த மனிதர் பெயர் பரவிய விதத்தில் நமது கடைகளுக்கு நேரடியாக வேண்டிய சமாச்சாரம் ஒன்று இருக்கிறது.

கவோரு மிட்டோமா 1997-ல் பிறந்தவர். அவர் பெயர் உலகமெங்கும் செல்போன்களில் ஓடத் தொடங்கியது 2022 டிசம்பர் 1-ம் தேதி. கத்தார் நாட்டில் உலகக் கோப்பை, ஜப்பானும் ஸ்பெயினும் ஆடுகின்றன. பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது என்று பார்த்தவர்கள் எல்லோரும் நினைத்த நேரத்தில், இவர் பாய்ந்து அதைத் திருப்பி உள்ளே தள்ளினார். கூட ஆடிய ஆவோ தனாக்கா அதை கோலாக்கினார். கால்பந்து விதிப்படி பந்து முழுவதுமாகக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே போனதாகக் கணக்கு. தரையில் படும் இடம் தாண்டினால் போதாது, பந்தின் வயிற்றுப் பக்கமும் கோட்டுக்கு நேர் மேலே இல்லாமல் விலகியிருக்க வேண்டும். கேமராக்களை வைத்து அளந்து பார்த்ததில், 2 மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு பந்து கோட்டின் மேல் இருந்தது தெரிய வந்தது. கோல் செல்லும் என்றார்கள். ஜப்பான் 2-1 என்று வென்றது. அந்த முடிவால் நான்கு முறை உலகக் கோப்பை வென்ற ஜெர்மனி, முதல் சுற்றோடு மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. ஜப்பானில் அதற்கு "மிட்டோமாவின் 1 மில்லிமீட்டர்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மேலேயிருந்து எடுத்த அந்த ஒரு போட்டோ சுற்றாத நாடு இல்லை. நான்கு நாள் கழித்து குரோஷியாவுடன் பெனால்டி உதைப்பில் இதே மிட்டோமா தவறவிட்டு ஜப்பான் தோற்றுப் போனதையும் சொல்லிவிட வேண்டும். வியாபாரிக்கு வரவும் தெரிய வேண்டும், பற்றும் தெரிய வேண்டும்.

தராசு முள்ளைப் பார்த்தே வயதாகிப்போன நமக்கு இந்த 2 மில்லிமீட்டர் சமாச்சாரம் பிடித்துப் போனதில் ஆச்சரியமில்லை. ஒரகடத்து ஆலைகளில் அச்சில் வார்க்கும் சாமான்களை இதைவிட நுணுக்கமாக அளக்கிறார்கள் என்று பையன் சொன்னான். இருக்கலாம். ஆனால் அதைப் போட்டோ பிடித்து யாரும் போனில் அனுப்புவதில்லை.

இப்போது நம் கதைக்கு வருவோம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குளிர்பானக் கம்பெனியின் சேல்ஸ்மேன் நமது மண்டிக்கு வந்தார். கம்பெனிப் பெயர் வேண்டாம். பாட்டில் முழுக்க ஒரு பிரபலத்தின் முகம். "போனில் இவரைப் பின்தொடர்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், சரக்கு தானாக ஓடும், நீங்கள் தள்ளவே வேண்டாம்" என்றார். கேஸ் ரூ.720, 60 கேஸ் எடுத்தால் ஸ்கீமில் ஒரு டிராலி பேக் இனாம். எடுத்தோம். 19 கேஸ் போயிற்று. அதிலும் பாதி, முதல் வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட்டிலுடன் போட்டோ பிடித்துக்கொள்ள வாங்கியது. மிச்சம் 41 கேஸ் காலாவதி தேதி வரை நம்மிடம் குந்தியிருந்தது. சேல்ஸ்மேன் வேலை மாறிவிட்டார், கிளெய்ம் வரவில்லை. ரூ.29,520 போனது. டிராலி பேக் வீட்டில் இருக்கிறது.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2022-ல் யூடியூப் பிரபலங்கள் இருவர் சேர்ந்து பிரைம் என்றொரு பானம் கொண்டுவந்தார்கள். அந்த வருடக் கடைசியில் இங்கிலாந்தில் ஆல்டி கடைகளின் வாசலில் விடியற்காலையில் ஜனங்கள் வரிசை கட்டினார்கள். வாங்கியவர்கள் பல மடங்கு விலைக்கு மறுவிற்பனை செய்தார்கள். 2024-க்குள் அதே பாட்டில் தள்ளுபடி அலமாரிக்கு வந்துவிட்டது. போனில் வரும் புகழுக்குக் கால் கிடையாது, இறக்கைதான் உண்டு. அது நம் கடை வாசலில் வந்து உட்காரும் என்று நம்பிச் சரக்கு எடுக்கக் கூடாது என்பது ரூ.29,520 கொடுத்து நாம் கற்றுக்கொண்ட பாடம்.

ஆனால் இந்தப் பாடம் பாதிதான் சரி என்று பிற்பாடு தெரிய வந்தது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஜப்பான் கால்பந்தில் இத்தகைய புகழுக்கு முன்னோடி ஒருவர் உண்டு, ஹிடெடோஷி நகாட்டா. 1998-ல் இத்தாலி நாட்டில் பெருஜியா என்னும் சிறிய ஊரின் அணிக்குப் போனார். முதல் ஆட்டத்திலேயே யுவென்டஸ் அணிக்கு எதிராக இரண்டு கோல். அவர் ஆட்டத்தைப் பார்க்க ஜப்பானியர்கள் விமானம் ஏறி அந்த ஊருக்கே போனார்கள், அவர் பெயர் போட்ட 7-ம் நம்பர் சட்டை விற்றது. அவருக்குப் பத்திரிகைக்காரர்களோடு மனத்தாங்கல். ஆகவே 1998-லேயே, நம்மில் பலர் கம்ப்யூட்டரைக் கண்ணால் காணாத காலத்தில், சொந்தமாக ஓர் இணையதளம் ஆரம்பித்துத் தன் செய்தியை ரசிகர்களிடம் தானே நேரடியாகச் சொன்னார். 2006 ஜூலையில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதைக்கூட அதில்தான் அறிவித்தார்.

இதை ஒரு மொத்த வியாபாரியின் கண்ணால் பாருங்கள். நடுவில் ஆள் இல்லாமல் நேரடி விற்பனை. விநியோகஸ்தர் இல்லை, ஸ்டாக்கிஸ்ட் இல்லை, சில்லறைக் கடை இல்லை. இன்றைக்குப் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் அரிசி கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனிகள் செய்வது இதைத்தான். புகழிலே முதலில் நடந்தது, பிறகு பருப்பில் நடக்கிறது. அவர்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நகாட்டா செய்தது அவருடைய உரிமை.

மிட்டோமா கதையும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம். ஜப்பானிய அதிகாரிகள் தங்கும் விருந்தினர் விடுதி ஒன்றுக்கு மளிகை போடும் நம் உறுப்பினர் ஒருவர்தான் கண்ணைத் திறந்தார். அவரிடம் 22-ம் நம்பர் சட்டையைப் பற்றிச் சொன்னபோது, "அண்ணே, அந்த ஆள் கவாசாகிக்காரர். விடுதியில் எல்லோரும் அந்த டீமைப் பற்றித்தான் பேசுவார்கள். கடைக்காரர்கள் வளர்த்த டீம் அது" என்றார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதன் பிறகு நம் பேரனை உட்கார வைத்து விவரங்களைத் தேடிப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம்.

கவாசாகி என்றதும் மோட்டார் சைக்கிள் ஞாபகம் வரும். அந்தக் கம்பெனிக்கு அதை ஆரம்பித்தவர் பெயர், இந்த ஊருக்கும் அதற்கும் ஒட்டுறவில்லை. கவாசாகி ஊர் டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் நடுவில் கடலோரம் இருக்கிறது. இன்று 15 லட்சம் ஜனங்கள். இரும்பு, எண்ணெய், மின்சாமான் என்று வரிசையாக ஆலைகள் இருந்த புகை ஊர். நமக்கு மிக நெருங்கிய உறவு ஒன்றும் உண்டு. நம் கடைகளில் பொட்டலமாகத் தொங்கும் அஜினமோட்டோ உப்பின் ஆலை 1914 முதல் அந்த ஊரில்தான் இருக்கிறது. ஃபுஜிட்சு கம்பெனியின் ஆலையும் அங்கே. ஆக, தலைநகருக்குப் பக்கத்தில் ஆலைகளுக்காக ஜனங்கள் வந்து சேர்ந்த ஊர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று நாம் இருக்கும் இடத்தைப் போலவே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊருக்கு ஒரு மனக்குறை. எந்த விளையாட்டு அணியும் அங்கே தங்கவில்லை. பேஸ்பால் அங்கே பெரிய ஆட்டம், நமக்குக் கிரிக்கெட் மாதிரி. தையோ என்ற அணி 1978-ல் யோகோஹாமாவுக்குப் போயிற்று. லோட்டே என்ற அணி 1992-ல் சிபாவுக்குப் போயிற்று. கால்பந்தில் வெர்டி என்ற பெரிய அணி, ஜப்பானின் முதல் இரண்டு லீக் பட்டங்களையும் வென்ற அணி, 2001-ல் டோக்கியோவுக்குப் போயிற்று. பெரிய கம்பெனிகள் நடத்தியவை, அவர்களுக்கு லாபமுள்ள இடத்துக்குப் போய்விட்டன. ஊர்க்காரர்கள் கை தட்டியது, கடைக்காரர்கள் கொடி கட்டியது எல்லாம் கணக்கில் வரவில்லை. நம் ஊரிலும் 2006-ல் நோக்கியா ஆலை வந்ததையும், 2014 நவம்பரில் உற்பத்தி நின்றதையும் பார்த்தவர்கள் நாம். வருகிற கம்பெனி ஒரு நாள் போகலாம். போவதில்லை என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதித் தருவதில்லை.

மிச்சம் நின்றது ஃபுஜிட்சு ஊழியர்கள் 1955-ல் ஆரம்பித்த சிறிய கால்பந்து அணி. 1997 முதல் அதற்குக் கவாசாகி பிரண்டாலே என்று பெயர். யாரும் சீந்தவில்லை. மூன்று முறை ஏமாந்த ஊர், நான்காவது முறை நம்புமா? அந்த அணிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கடைவீதிக்குப் போனார்கள். வருடாவருடம் ஆட்டக்காரர்கள் கூட்டமாக ஊரின் கடைத்தெருக்களில் நடந்து, மீன் கடை, காய்கறிக் கடை, பலகாரக் கடை என்று ஏறி இறங்கி, குனிந்து வணக்கம் சொல்லி, இந்த வருடமும் ஆதரவு தாருங்கள் என்று கேட்கிறார்கள். கடைக்காரர் அவர்கள் போஸ்டரைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறார். பள்ளிக்கூடங்களையும் விடவில்லை. 2009-ல் தொடங்கி, ஆட்டக்காரர்களை வைத்தே கணக்குப் போடும் ஒரு பயிற்சிப் புத்தகம் அச்சிட்டு ஆரம்பப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். இவ்வளவும் செய்து வெற்றி உடனே வந்ததா என்றால் இல்லை. பல வருடம் இரண்டாம் இடத்திலேயே நின்றார்கள். 2017-ல்தான் முதல் லீக் பட்டம். பிறகு 2018, 2020, 2021.

மிட்டோமா அந்த ஊரில் வளர்ந்தவர். சகினுமா என்ற பேட்டையில் சிறுவர் கால்பந்து சங்கம் ஒன்று இருக்கிறது. அங்கே ஆடி, பிரண்டாலேயின் சிறுவர் பிரிவுக்குப் போனார். கத்தாரில் அவர் தள்ளிய பந்தை கோலாக்கினாரே தனாக்கா, அவரும் அதே பேட்டை, அதே சங்கம், அதே ஆரம்பப் பள்ளி! உலகமெல்லாம் பார்த்த அந்த கோல், ஒரு தெருப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து போட்டது. 18 வயதில் அணி அழைத்தபோது மிட்டோமா உடனே சேரவில்லை. சுகுபா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். எதிராளியைப் பந்தோடு தாண்டிப் போவது எப்படி என்பதையே ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார். கூட ஆடுகிறவர்களின் தலையில் சிறிய கேமரா கட்டி, அவர்கள் பார்வை எங்கே போகிறது என்று பார்த்தாராம். நம் பிள்ளைகள் படிப்பா விளையாட்டா என்று வீட்டில் சண்டை போடும்போது இதை எடுத்துச் சொல்லலாம். 2020-ல் பிரண்டாலேயில் சேர்ந்து முதல் வருடமே 13 கோல். 2021-ல் பிரைட்டன் வாங்கியது, ஒரு வருடம் பெல்ஜியத்தில் ஆடவிட்டு 2022-ல் அழைத்துக்கொண்டது. 2024 ஜூலையில் பிரைட்டன் அணி ஜப்பானுக்கே வந்து இரண்டு ஆட்டம் ஆடியது. யாருக்காக அங்கே வந்தார்கள் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே சகோதரர்களே, போனில் பறக்கும் இந்தப் புகழுக்குக் கால் இல்லை என்று நாம் மேலே எழுதியதைப் பாதி வாபஸ் வாங்குகிறோம். மிட்டோமாவின் புகழுக்குக் கால் இருந்தது. கவாசாகியின் கடைத்தெருவில்தான் அது ஊன்றியிருந்தது. நமது 41 கேஸ் பானத்தின் பாட்டிலில் இருந்த முகத்துக்கு நம் தெருவில் ஒருவரையும் தெரியாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1993 மே மாதம் ஜப்பானில் தொழில்முறைக் கால்பந்து லீக் ஆரம்பமான போது, அதன் தலைவர் கவாபுச்சி ஒரு பிடிவாதம் பிடித்தார். அணிகளெல்லாம் கம்பெனி அணிகள். ஆனால் அணியின் பெயரில் கம்பெனிப் பெயர் இருக்கக் கூடாது, ஊர்ப் பெயர்தான் இருக்க வேண்டும் என்றார். பெரிய பத்திரிகை முதலாளி ஒருவரே இதை எதிர்த்துச் சண்டை போட்டார். கவாபுச்சி அசையவில்லை. அவரே ஒரு மின்சாரக் கம்பெனியின் அணியில் ஆடி, அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்! நிசான் மோட்டார் அணி யோகோஹாமா மரினோஸ் ஆயிற்று. யமஹா மோட்டார் அணி ஜுபிலோ இவாட்டா என்று 1994-ல் லீக்கில் சேர்ந்தது. நிசானும் யமஹாவும் நமக்கு அந்நியமா? ஒரகடத்தில் 2010-ல் நிசானும் ரெனோவும் சேர்ந்து ஆலை திறந்தன. 2025-ல் நிசான் தன் பங்கை ரெனோவுக்கே விற்றது. யமஹா 2015 முதல் வல்லம் வடகாலில் இருக்கிறது. தங்கள் நாட்டில் ஊர்ப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொள்ளச் சம்மதித்த கம்பெனிகள்தாம் இவை. நம் ஊர்ப் பெயரைப் போட்டு ஆடும் சட்டை ஒன்று இருக்கிறதா என்று நாம் கேட்டதுண்டா? நாமும் கேட்டதில்லை, அவர்களும் கேட்டதில்லை.

ஜப்பானியர் நம் மாநில அணிக்கு ஆடாமல் இல்லை. கல்கத்தாவில் மோகன் பகான் அணிக்கு ஆடி 2015-ல் ஐ-லீக் பட்டம் வென்ற கட்சுமி யூசா, 2019-20-ல் சென்னை சிட்டி அணியில் ஆடினார். அதற்கு முந்திய வருடம்தான் அந்த அணி ஐ-லீக் சாம்பியன். ஆட்டங்கள் நடந்தது கோயம்புத்தூரில். நம் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? அராட்டா இசுமி என்பவர் 2006-ல் இங்கே ஆட வந்து, ஜப்பான் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் குடிமகனாகி 2013-ல் இந்திய அணிக்கே ஆடினார். அவர் தகப்பனார் வழி குஜராத்தி. இவர்களெல்லாம் நேரில் வந்தவர்கள். வல்லக்கோட்டைப் பையனுக்கு அவர்கள் பெயர் தெரியவில்லை, வராத மிட்டோமாவைத் தெரிகிறது. அவனைக் குறை சொல்வதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆடுவதற்கு அவனுக்கு ஒரு மைதானம் இல்லை. ஏரிக்கரைப் பக்கம் ஒரு பொட்டலில் ஆடியிருக்கிறார்கள். அங்கே லாரிகளை நிறுத்த ஆரம்பித்த பிறகு அதுவும் போயிற்று. ஒடிசா, பீகார், அசாம் பையன்கள் பலர் நன்றாக ஆடுவார்களாம். ஆறு நாள் ஷிப்ட், ஏழாம் நாள் அறையில் படுத்துப் போன் பார்ப்பது. நம் கடைகளில் சோப்பும் பிஸ்கட்டும் ரீசார்ஜும் வாங்குகிறவர்கள் இவர்கள்தான். இவர்கள் பெயர் நமக்குத் தெரியாது, நம் பெயர் அவர்களுக்குத் தெரியாது. நாளைக்கு ஒரு செயலி நான்கு ரூபாய் குறைத்துக் கொடுத்தால் ஏன் நம்மிடம் நிற்க வேண்டும்?

நமது அபிப்பிராயம் இதுதான். நம் சங்கம் ஒரு கால்பந்து அணிக்கு ஆதரவு கொடுக்க வேண்டும். உள்ளூர்ப் பையன்களும் வெளிமாநிலப் பையன்களும் கலந்த அணி. சட்டையின் முன்பக்கம் ஊர்ப் பெயர் மட்டும் இருக்க வேண்டும். எந்தக் கடைப் பெயரும், எந்த மசாலாக் கம்பெனிப் பெயரும், நமது மண்டிப் பெயரும் வேண்டாம். செலவையும் விசாரித்துவிட்டோம். 16 சட்டை ரூ.400 வீதம் ரூ.6,400. நான்கு பந்து ரூ.3,600. இரும்புக் குழாயில் கோல் கம்பமும் வலையும் ரூ.9,000. பொட்டலைச் சமப்படுத்த ஜே.சி.பி. 6 மணி நேரம், ரூ.7,800. மருந்துப் பெட்டி, போக்குவரத்து ரூ.2,000. ஆக ரூ.28,800. அந்த 41 கேஸில் நாம் ஒருவரே விட்டதைவிட ரூ.720 குறைவு. அதாவது ஒரு கேஸ்.

நிலம்தான் பெரிய விஷயம். அதற்குக் கம்பெனிகளைக் கேட்க வேண்டும். 2013-ம் வருடக் கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். கிராமிய விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தனிக் கடைக்காரர் போய்க் கேட்டால் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் போனால் ஒரு நாற்காலியாவது போடுவார்கள்.

சில உறுப்பினர்கள் எதிர்ப்பார்கள் என்று தெரியும். செயலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னபோதே, "உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், ஜி.எஸ்.டி. நோட்டீஸ், ஆன்லைன் போட்டி இத்தனை இருக்க, பந்து விளையாட்டு எதற்கு அண்ணாச்சி?" என்றார். நியாயமான கேள்வி. இந்த அணியால் ஒரு கிலோ அரிசி கூடுதலாக விற்கும் என்று நாம் உத்தரவாதம் தரவில்லை. கவாசாகியிலும் முதல் பட்டம் வர 20 வருடம் ஆயிற்று, நமக்கு இப்போதே அறுபத்தைந்து. ஆனால் நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதால் கடைக்கு வாடிக்கையாளர் வருவதில்லை, அது வேறு வேலை, இது வேறு வேலை.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பையன் அணிந்திருந்த சட்டை எங்கே வாங்கியது என்று விசாரித்தோம். நம் உறுப்பினர் ஒருவரின் பேன்ஸி கடையில், ரூ.250. அசல் சட்டை ஆயிரக்கணக்கில் விலை. ஆக அது போலி. விற்றவர் தெரியாமல் விற்றிருக்கலாம். 1999-ம் வருட வணிகச் சின்னங்கள் சட்டப்படி போலிச் சின்னம் போட்ட சரக்கைத் தயாரித்தவர் மட்டுமல்ல, விற்றவரும் குற்றவாளி. 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். நம் பெயரில் போலி மிளகாய்த்தூள் பாக்கெட் வந்தால் நாம் எப்படிக் கொதிப்போம்? மிட்டோமாவின் முதுகுப் பெயருக்கும் அதே நியாயம்தான். கையிலிருக்கும் சரக்கை ஒதுக்கிவிடுங்கள், புதிதாக வாங்க வேண்டாம்.

வல்லக்கோட்டைப் பையனிடம் அணி விஷயத்தைச் சொன்னோம். முதுகில் 22 போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான். எண் யாருக்கும் சொந்தமில்லை, போட்டுக்கொள், மேலே உன் பெயரை எழுது என்றோம். சிறிது யோசித்துவிட்டு, கோல் கீப்பருக்கு அசாம் பையன் ஒருவன் இருக்கிறான், நைட் ஷிப்ட், கேட்டுச் சொல்கிறேன் என்று போனான்.

வரும் செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கிறோம். நமது பங்காக ரூ.5,000 பொருளாளரிடம் கொடுத்தாயிற்று. ரசீதில் மண்டியின் பெயர் இருக்கிறது, சட்டையில் இருக்காது. கொடுக்க விரும்பும் உறுப்பினர்கள் கூட்டத்துக்கு முன் பொருளாளரைப் பார்க்கவும்.